பயிற்சி மருத்துவர்களின் 36 மணி நேர டூட்டி: மணியைக் குறைத்தால் மட்டும் போதுமா?

இந்தியாவில் வண்டி ஓட்டுபவரின் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் போலீஸ் வழக்குப் போடலாம். 1997-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, தூக்கமின்மையையும் போதையையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்தது. 24 மணி நேரம் விழித்திருப்பவரின் கண்ணும் கையும், 100 மில்லி ரத்தத்தில் சுமார் 100 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவருக்குத் தடுமாறுவதைப் போலவே தடுமாறின. நம்ம ஊர் சட்ட வரம்பைவிட இது மூன்று மடங்குக்கும் மேல்.

அந்த நிலையில் பைக் ஓட்டினால் குற்றம். அதே நிலையில் ஐ.சி.யூ.வில் நின்று மருந்தின் அளவைக் கணக்குப் போட்டால், அதற்குப் பெயர் டூட்டி.

எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு எம்.டி., எம்.எஸ். படிக்கும் பி.ஜி. மாணவர்களைத்தான் ‘ரெசிடென்ட்’ என்கிறார்கள். பெரிய மருத்துவமனைகளில் நள்ளிரவில் நோயாளியின் பக்கத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் இவர்கள்தான். இவர்கள் மாணவர்களா, ஊழியர்களா? இரண்டும்தான். ‘படிக்கத்தானே வந்தீங்க, கேஸ் பார்த்தாத்தானே கத்துக்க முடியும்’ என்று வேலை நேரத்தை நீட்டலாம். ‘ஆள் இல்லை, நீங்கதான் பார்க்கணும்’ என்று படிப்பைத் தள்ளிவைக்கவும் செய்யலாம்.

ஒரு ரெசிடென்ட் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்யலாம்? இந்தக் கேள்வியோடு அதிக காலம் மல்லுக்கட்டிய நாடு அமெரிக்கா. அங்கே கிடைத்த பாடம் சுலபமானதாக இல்லை. மணிக்கு வரம்பு வேண்டும். ஆனால் வேலையைப் பங்கிட ஆளும், நோயாளியை ஒழுங்காகக் கைமாற்றும் பழக்கமும், மணியை எண்ண ஒருவரும் இல்லாவிட்டால் அந்த வரம்பால் பெரிய பலன் இல்லை. இந்தியா தன் விதிகளை மீண்டும் யோசிக்கும் நேரத்தில் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

36 மணி நேரம் எப்படி வருகிறது?

‘தொடர்ந்து 36 மணி நேரம் வேலை செய்’ என்று யாரும் எழுதி ஒட்டுவதில்லை. அது தானாக உருவாகிறது.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பொது மருத்துவம், அறுவை சிகிச்சை போன்ற துறைகள் யூனிட்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ‘அட்மிஷன் டே’ என்று ஒரு நாள் இருக்கும். அன்று அவசரப் பிரிவு வழியாக வந்து சேரும் நோயாளிகள் அந்த யூனிட்டின் பொறுப்பு.

திங்கள்கிழமை ஒரு யூனிட்டின் அட்மிஷன் டே என்று வைத்துக்கொள்வோம். காலை 8 மணிக்கு வார்டுக்கு வரும் பி.ஜி., பகல் முழுக்கவும் இரவு முழுக்கவும் நோயாளிகளைச் சேர்க்கிறார். செவ்வாய் காலை 8 மணிக்குக் காகிதத்தில் டூட்டி முடிந்துவிட்டது. ஆனால் அப்போதுதான் சீஃப் ரவுண்ட்ஸ் வருவார். இரவில் சேர்ந்த ஒவ்வொரு கேஸையும் அவரிடம் சொல்ல வேண்டும். இரவில் பார்த்தவருக்குத்தானே அது தெரியும்! ரவுண்ட்ஸ் முடிந்தால் ஸ்கேனுக்கு அனுப்புவது, ரத்தம் ஏற்பாடு செய்வது, காப்பீட்டுத் திட்டப் படிவம், டிஸ்சார்ஜ் சம்மரி என்று வரிசையாக வேலை. அன்றைக்கே யூனிட்டின் ஓ.பி.யோ ஆபரேஷன் தியேட்டரோ இருந்தால் அங்கேயும் ஓட வேண்டும். எல்லாம் முடிய இரவு 8 ஆகிவிட்டால், 36 மணி நேரம் ஓடியிருக்கும்.

24 மணி நேர டூட்டியும் அடுத்த நாளின் வழக்கமான வேலையும் நடுவில் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொள்வதுதான் காரணம். டூட்டி முடிந்தவரை வீட்டுக்கு அனுப்பினால் அந்த இடத்தில் நிற்க வேறு ஆள் வேண்டும். அந்த ஆள் பல இடங்களில் இல்லை.

மருத்துவமனையிலேயே குடியிருந்தவர்கள்

‘ரெசிடென்ட்’ என்றால் குடியிருப்பவர் என்று பொருள். 1889-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறக்கப்பட்டது. அங்கே அறுவை சிகிச்சைத் துறையை நடத்திய வில்லியம் ஹால்ஸ்டெட், இன்று உலகம் பின்பற்றும் ரெசிடென்சி முறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். அவரிடம் பயின்ற இளம் டாக்டர்கள் உண்மையாகவே மருத்துவமனையில் குடியிருந்தார்கள். எந்த நேரமும் கூப்பிடலாம். படிப்படியாகப் பொறுப்பு கூடும். எத்தனை ஆண்டு ஆகும் என்பது குருவின் கையில்.

ஹால்ஸ்டெட் உடலின் ஒரு பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஆய்வுக்காகக் கொக்கைனைத் தன் மேலேயே சோதித்து அதற்கு அடிமையானவர், பிறகு மார்ஃபினுக்கும். ஓய்வில்லாத பயிற்சிக்கு இலக்கணம் எழுதியவரின் உடல்நிலையும் பலரைப் போல இயல்பானதாக இல்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அன்று நோயாளிகள் வாரக்கணக்கில் படுத்திருந்தார்கள். செய்யக்கூடிய சிகிச்சையும் குறைவு. இன்று நோயாளி சில நாட்களில் வீடு திரும்புகிறார். அதற்குள் பரிசோதனைகள், மானிட்டர், ஏகப்பட்ட மருந்துகள். அதனால் அன்றைய ஒரு இரவு டூட்டியையும் இன்றைய ஒரு இரவு டூட்டியையும் மணியை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. ‘நாங்க படிக்கும்போது வாரக்கணக்கில் வீட்டுக்கே போகல’ என்று சீனியர்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஆனால் வேலையின் அடர்த்தி மாறிவிட்டது.

ஒரு மரணமும் 80 என்ற எண்ணும்

1984 மார்ச் 4 இரவு. நியூயார்க் நகரின் பெரிய மருத்துவமனை ஒன்றில் லிபி ஸையன் என்ற 18 வயது கல்லூரி மாணவி காய்ச்சலும் உடல் நடுக்கமுமாகச் சேர்க்கப்பட்டார். அவரைப் பார்த்தவர்கள் இரண்டு ரெசிடென்ட்கள். முதலாம் ஆண்டு ரெசிடென்ட் அந்த இரவில் சுமார் 40 நோயாளிகளைக் கவனிக்க வேண்டியிருந்தது. மூத்த டாக்டரிடம் போனில் பேசினார்கள். அவர் நேரில் இல்லை.

லிபி மனச்சோர்வுக்காக ஃபெனல்சின் என்ற மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். நடுக்கத்தைக் குறைக்க அவருக்குப் பெத்தடின் ஊசி போடப்பட்டது. இந்த இரண்டும் சேரக் கூடாதவை. காய்ச்சல் 107 டிகிரி ஃபாரன்ஹீட் வரை ஏறி, விடிந்தபோது அவர் உயிரோடு இல்லை.

அவருடைய அப்பா சிட்னி ஸையன் பத்திரிகையாளர், வழக்கறிஞர். தூக்கமில்லாத பயிற்சி டாக்டர்களிடம் நோயாளிகளை விட்டுவிடும் முறையே தன் மகளைக் கொன்றது என்று அவர் போராடினார். 1986-ல் கிராண்ட் ஜூரி டாக்டர்கள் மீது குற்ற வழக்குப் போடச் சொல்லவில்லை. ஆனால் பயிற்சி முறையைக் கடுமையாக விமர்சித்தது. டாக்டர் பெர்ட்ராண்ட் பெல் தலைமையில் குழு அமைந்தது. அதன் பரிந்துரைப்படி 1989-ல் நியூயார்க் மாகாணம் விதி கொண்டுவந்தது: வாரத்துக்கு 80 மணி நேரம், தொடர்ச்சியாக 24 மணி நேரம். அதற்கு மேல் கூடாது.

இந்த 80 எந்த ஆராய்ச்சியில் கிடைத்தது? எதிலும் இல்லை. பெல் பிற்காலத்தில் விளக்கிய கணக்கு இது. வாரத்துக்கு 168 மணி நேரம். தினம் 10 மணி நேரம் வீதம் 5 நாள் வேலை என்றால் 50. மீதி 118. நான்கு நாளுக்கு ஒரு இரவு டூட்டி பார்ப்பது மனிதாபிமானமானது; எனவே 118-ஐ 4-ஆல் வகுத்தால் சுமார் 30. 50-ம் 30-ம் சேர்ந்தால் 80. உலகம் முழுக்கப் பேசப்படும் ஓர் எண், காகிதத்தில் போட்ட கூட்டல் கழித்தலில் வந்தது.

பெல் அதிகம் வலியுறுத்தியது வேறொன்று. ‘மணியை ஒழுங்குபடுத்துவதைவிட மேற்பார்வைதான் முக்கியம்’ என்று 1993-ல் அவரே மருத்துவ இதழில் எழுதினார். ராத்திரி மூத்த டாக்டர் மருத்துவமனையில் இருக்க வேண்டும் என்பதும் அவர் குழுவின் பரிந்துரைதான். மக்கள் நினைவில் 80 மட்டும் தங்கிவிட்டது.

2003, 2011, 2017: மாறி மாறி வந்த விதிகள்

அமெரிக்காவில் ரெசிடென்சி படிப்புகளுக்கு அங்கீகாரம் தருவது ஏ.சி.ஜி.எம்.இ. என்ற அமைப்பு. 2003 ஜூலையில் இது நாடு முழுவதும் விதியை அமல்படுத்தியது.

* நான்கு வாரச் சராசரியில் வாரத்துக்கு 80 மணி நேரம்.
* ஏழு நாளில் ஒரு நாள் முழு விடுப்பு, இதுவும் சராசரியாக.
* தொடர் டூட்டி 24 மணி நேரம். நோயாளியை ஒப்படைக்கவும் வகுப்புக்கும் கூடுதலாக 6 மணி நேரம்.

விதியை மீறினால் என்ன ஆகும் என்பதும் உடனே தெரிந்தது. 2003-லேயே ஜான்ஸ் ஹாப்கின்ஸின் பொது மருத்துவ ரெசிடென்சியின் அங்கீகாரத்தை ரத்து செய்வதாக ஏ.சி.ஜி.எம்.இ. அறிவித்தது. குறைகளைச் சரிசெய்த பிறகுதான் அது திரும்பக் கிடைத்தது. ரெசிடென்சி முறை வளர்ந்த இடத்துக்கே இந்தக் கதி என்றதும் மற்ற மருத்துவமனைகள் நிமிர்ந்து உட்கார்ந்தன.

2011-ல் விதி இன்னும் இறுகியது. முதலாம் ஆண்டினர் தொடர்ந்து 16 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஆறே ஆண்டுகளில், 2017-ல், அந்த 16 மணி நேர வரம்பு நீக்கப்பட்டது. எல்லோருக்கும் 24 மணி நேரம், கைமாற்றத்துக்குக் கூடுதலாக 4 மணி நேரம் என்று ஆனது. வாரத்துக்கு 80 என்ற வரம்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

ஏன் ஒரு அடி முன்னால் வைத்து அரை அடி பின்னால் போனார்கள்? இங்கேதான் ஆய்வுகள் வருகின்றன.

குறைத்ததும் என்ன நடந்தது?

நீண்ட டூட்டி ஆபத்தானது என்பதற்கு வலுவான ஆதாரம் 2004-ல் வந்தது. பாஸ்டன் நகரில் ஐ.சி.யூ.வில் பணியாற்றிய முதலாம் ஆண்டினரை, பழைய நீண்ட டூட்டியிலும் குறைக்கப்பட்ட டூட்டியிலும் மாற்றி மாற்றி வைத்துக் கவனித்தார்கள். நீண்ட டூட்டியில் கடுமையான மருத்துவத் தவறுகள் சுமார் 36 சதவீதம் அதிகம். 2005-ல் வந்த இன்னோர் ஆய்வின்படி, 24 மணி நேரத்தைத் தாண்டிய டூட்டி முடித்து வண்டி ஓட்டிச் செல்லும்போது விபத்தில் சிக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். ஆபத்து நோயாளிக்கு மட்டும் இல்லை, டாக்டருக்கும்தான்.

அப்படியானால் குறைத்தால் எல்லாம் சரியாகிவிட வேண்டும் இல்லையா? ஆகவில்லை.

‘ஃபர்ஸ்ட்’ என்ற ஆய்வு 2016-ல் வெளியானது. 117 அறுவை சிகிச்சை ரெசிடென்சிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு அன்றைய விதிகளை அப்படியே பின்பற்றியது. இன்னொன்றுக்கு, தொடர் டூட்டியின் நீளத்தில் தளர்வு. நோயாளிகளின் மரணத்திலும் கடும் சிக்கல்களிலும் வித்தியாசம் தெரியவில்லை. தளர்வு கிடைத்தவர்கள் ஆபரேஷனுக்கு நடுவில் கிளம்புவது குறைந்தது. ஆனால் குடும்பத்துக்கும் ஓய்வுக்கும் நேரமில்லை என்ற குறை கூடியது. 63 பொது மருத்துவ ரெசிடென்சிகளில் நடந்த ‘ஐ-கம்பேர்’ ஆய்விலும் நோயாளிகளின் மரண விகிதம் தளர்வால் மோசமாகவில்லை. ஆனால் ஒரு சுவாரசியம்: தளர்வான டூட்டி இருந்த இடங்களில் பயிற்சியை நடத்தும் இயக்குநர்களுக்குத் திருப்தி கூடியது, பயிற்சி பெறும் முதலாம் ஆண்டினருக்குக் குறைந்தது.

இந்த இரண்டு ஆய்வுகளையும் காட்டி ‘36 மணி நேரம் வேலை செஞ்சா ஒண்ணும் ஆகாது’ என்று யாராவது சொன்னால் ஏமாறக் கூடாது. இரண்டிலும் எல்லாப் பிரிவினரும் வாரத்துக்கு 80 மணி நேர வரம்புக்குள்தான் இருந்தார்கள். அதற்கு மேல் போனால் என்ன ஆகும் என்பதற்கு இவற்றில் பதில் இல்லை.

உண்மையான பாடம் 2020-ல் வந்த ‘ரோஸ்டர்ஸ்’ ஆய்வில் இருக்கிறது. குழந்தைகளுக்கான 6 ஐ.சி.யூ.க்களில், 24 மணி நேர டூட்டியை எடுத்துவிட்டு அதிகபட்சம் 16 மணி நேரமாக மாற்றினார்கள். தவறுகள் குறையும் என்று எதிர்பார்த்தால், கூடின! காரணம் தேடினார்கள். புதிய முறையில் ஒரு ரெசிடென்ட் சராசரியாக 8.8 குழந்தைகளைக் கவனித்தார். பழைய முறையில் 6.7. டூட்டியைத் துண்டாக்கியபோது, ஒரு நேரத்தில் வார்டில் இருக்கும் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். இந்த வேலைச்சுமை வித்தியாசத்தைக் கணக்கில் எடுத்துச் சரிசெய்து பார்த்தபோது, புதிய முறையின் மீதான பழி மறைந்தது.

தூக்கம் கொடுத்தார்கள், ஆளைக் கூட்டவில்லை. இந்தியாவுக்கு இது புதிய அனுபவம் இல்லை. விமானிகளின் ஓய்வு நேரத்தைக் கூட்டும் விதிகள் முழுமையாக அமலுக்கு வந்தபின், 2025 டிசம்பரில் போதுமான விமானிகள் இல்லாமல் ஏராளமான விமானங்கள் ரத்தாகின. விமானத்தை ரத்து செய்யலாம். மூச்சுத்திணறலோடு வருபவரை ‘நாளைக்கு வாங்க’ என்று அனுப்ப முடியாது. அந்த வேலை இருப்பவர் தலையில்தான் ஏறும்.

சரி, அப்போ படிப்பு?

நேரத்தைக் குறைத்தால் கற்பது குறையும் என்பது மூத்த டாக்டர்களின் நியாயமான கவலை. டெங்கு நோயாளி காலையில் தெம்பாகப் பேசிவிட்டு இரவில் சரிவதை, வயிற்றுவலி மணிக்கு மணி மாறுவதைக் கூடவே இருந்து பார்க்கும்போது புத்தகத்தில் இல்லாதது பிடிபடும். தான் சேர்த்த நோயாளி என்ன ஆனார் என்று தெரியாமலே வீட்டுக்குப் போவது நல்ல பயிற்சி ஆகாது.

ஆனால் இருக்கும் மணி நேரமெல்லாம் கற்பதற்குத்தான் போகிறதா? 2019-ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, முதலாம் ஆண்டினர் கூடவே நடந்து அவர்கள் செய்வதை நிமிடம் நிமிடமாகக் குறித்தது. 24 மணி நேரத்தில் நோயாளியோடு நேரடியாகச் செலவானது சுமார் 3 மணி நேரம். வகுப்பு, கற்றல் என்று செலவானது 1.8 மணி நேரம். சுமார் 16 மணி நேரம் கம்ப்யூட்டரில் பதிவு எழுதுவது, மற்றவர்களோடு பேசி ஏற்பாடு செய்வது போன்ற மறைமுக வேலைகளுக்கு!

நம் ஊர் வார்டில் இந்தக் கணக்கை எடுத்தால் வேலைகளின் பெயர்தான் மாறும். ரத்த மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்புவது, ரிப்போர்ட்டைத் தேடி வாங்குவது, ஆள் இல்லாவிட்டால் ஸ்ட்ரெச்சர் தள்ளுவது, படிவம் நிரப்புவது. முதல் சில முறை இதிலும் கற்க ஏதாவது இருக்கும். ஐந்நூறாவது முறை ரத்தம் எடுப்பதில் ஒரு எம்.டி. மாணவர் புதிதாக எதைக் கற்பார்?

அதனால் ‘மணியைக் குறைத்தால் படிப்பு கெடும்’ என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, எந்த மணியைக் குறைக்கிறோம் என்பதுதான். எழுத்து வேலைக்கும் ரத்தம் எடுக்கவும் தனி ஊழியர்களைப் போட்டால், படிப்பில் கை வைக்காமலே வாரத்தில் கணிசமான நேரம் மிச்சமாகும்.

கைமாறும்போது கவனம்

டூட்டி சிறியதானால் ஒரே நோயாளி அடிக்கடி கைமாறுவார். ‘பெட் 12, கொஞ்சம் பார்த்துக்கோ’ என்று சொல்லிவிட்டு ஓடும் கைமாற்றத்தில் முக்கியமான தகவல் தொலையும்.

இதற்குத் தீர்வு உண்டு என்பதை ‘ஐ-பாஸ்’ என்ற முறை காட்டியது. ஒப்படைப்பவர் ஐந்து படிகளைத் தவறாமல் கடக்க வேண்டும்: நோயாளி எவ்வளவு மோசமாக இருக்கிறார், நடந்ததன் சுருக்கம், இன்னும் செய்ய வேண்டியவை, ‘இப்படி ஆனால் இதைச் செய்’ என்ற முன்யோசனை, கடைசியாக, கேட்டுக்கொண்டவர் புரிந்ததைத் தன் வாயால் திருப்பிச் சொல்வது. குழந்தைகளுக்கான 9 மருத்துவமனைகளில் இதைக் கற்றுக்கொடுத்த பிறகு மருத்துவத் தவறுகள் 23 சதவீதமும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்ததாக 2014-ல் முடிவு வெளியானது. கைமாற்றத்துக்கு ஆகும் நேரம் கூடவில்லை.

இதற்குப் புதிய கட்டடமோ மெஷினோ வேண்டாம். சொல்லிக்கொடுத்து, தினமும் கடைப்பிடித்தால் போதும்.

மணியை யார் எண்ணுவது?

விதி இருப்பதும் நடப்பதும் வேறு. அமெரிக்காவில் ஏ.சி.ஜி.எம்.இ. ஒவ்வொரு ஆண்டும் ரெசிடென்ட்களிடமே பெயர் வெளியே வராத கணக்கெடுப்பு நடத்துகிறது. அதிலும் ஓட்டை உண்டு. உண்மையைச் சொல்லி அங்கீகாரம் போனால் சொன்னவரின் படிப்பும் சேர்ந்து பாதிக்கும். அதனால் மணியைக் குறைத்து எழுதுபவர்களும் இருக்கிறார்கள்.

ஐரோப்பா வேறு வழியில் போனது. அங்கே எல்லாத் தொழிலாளர்களுக்கும் சராசரியாக வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற சட்டம் 2009 முதல் பயிற்சி டாக்டர்களுக்கும் முழுமையாகப் பொருந்துகிறது. மருத்துவமனைக்குள் இருந்தபடி தூங்கினாலும் அது வேலை நேரம்தான் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2000-லும் 2003-லும் தீர்ப்பளித்தது. இங்கிலாந்தில் 2016 ஒப்பந்தப்படி, வேலை அட்டவணையைத் தாண்டினால் டாக்டர் உடனே பதிவு செய்யலாம். அதைக் கவனிக்க மருத்துவமனை நிர்வாகத்தைச் சாராத தனி அதிகாரி இருக்கிறார். முக்கிய வரம்புகள் மீறப்பட்டால் அவர் அபராதம் விதிப்பார். விதி மீறலுக்கு விலை இருக்கும்போது, ஆள் எடுப்பது மலிவாகத் தெரிய ஆரம்பிக்கும்.

இந்தியாவில் என்ன விதி?

பலர் நினைப்பதுபோல இந்தியாவில் விதியே இல்லாமல் இல்லை. மத்திய சுகாதார அமைச்சகம் 1992 ஜூன் 5-ம் தேதி வெளியிட்ட ரெசிடென்சி திட்ட உத்தரவு, தொடர் பணி வழக்கமாக ஒரு நாளுக்கு 12 மணி நேரத்தையும் வாரத்துக்கு 48 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது என்கிறது. சுழற்சி முறையில் வார விடுப்பும் உண்டு. ‘பணியின் அவசரத்துக்கு உட்பட்டு’ என்ற வார்த்தைகளும் கூடவே இருக்கின்றன. மருத்துவமனையில் எந்த நாள்தான் அவசரம் இல்லாத நாள்?

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 முதுநிலைக் கல்வி விதிகள் எண்ணையே விட்டுவிட்டன. பி.ஜி. மாணவர்கள் முழுநேர ரெசிடென்ட்களாக ‘நியாயமான வேலை நேரம்’ பணியாற்ற வேண்டும், ஓய்வுக்கும் நியாயமான நேரம் தரப்பட வேண்டும் என்கின்றன. ஆண்டுக்கு 20 நாள் சம்பளத்துடன் கூடிய தற்செயல் விடுப்பு, 5 நாள் கல்வி விடுப்பு உண்டு. எது நியாயம் என்பதை ஒவ்வொரு துறைத் தலைவரும் முடிவு செய்துகொள்ளலாம்.

2024-ல் மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி ஆய்ந்த அதே ஆணையத்தின் பணிக்குழு மீண்டும் எண்ணுக்கு வந்தது. அதன் ஆன்லைன் கணக்கெடுப்பில் 5,337 பி.ஜி. மாணவர்கள் பதில் சொன்னார்கள். 45 சதவீதம் பேர் வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்வதாகவும், 56 சதவீதம் பேர் வார விடுப்பு ஒழுங்காகக் கிடைப்பதில்லை என்றும் கூறினர். குழுவின் பரிந்துரை: வாரத்துக்கு அதிகபட்சம் 74 மணி நேரம், தொடர்ச்சியாக 24 மணி நேரம், வாரத்தில் ஒரு நாள் விடுப்பு. ஒரு 24 மணி நேர டூட்டி, ஐந்து நாள் 10 மணி நேரம், ஒரு நாள் லீவு, கூட்டினால் 74. பெல் போட்ட அதே மாதிரிக் கணக்கு.

அதே 2024 ஆகஸ்டில் கொல்கத்தா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், நீண்ட டூட்டிக்கு நடுவே ஓய்வெடுக்கச் சென்ற பயிற்சி மருத்துவர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார். அவர் ஓய்வெடுக்கப் போன இடம் ஒரு செமினார் அறை. அந்த வழக்கைத் தானாக முன்வந்து விசாரித்த உச்ச நீதிமன்றம், 36 மணி நேர டூட்டி குறித்தும் கவலை தெரிவித்தது. நீண்ட டூட்டி பார்ப்பவர் பாதுகாப்பாகத் தலை சாய்க்க இடம் எங்கே என்ற கேள்வி நாடு முழுக்க எழுந்தது அப்போதுதான்.

பேச முடியாததற்குக் காரணமும் இருக்கிறது. பி.ஜி.யின் ஆய்வறிக்கையில் கையெழுத்துப் போடுபவர், டூட்டி போடுபவர், தேர்வுக்குத் தயார் செய்பவர் எல்லாம் பெரும்பாலும் ஒரே துறைக்குள் இருப்பார்கள். நடுவில் படிப்பை விட்டால் பெரும் தொகை கட்ட வேண்டும் என்ற நிபந்தனை பல இடங்களில் உண்டு. இந்த நிலையில் ‘சார், என் 74 மணி நேரம் முடிஞ்சிடுச்சு’ என்று யார் சொல்வார்?

அடுத்து என்ன?

அமெரிக்கா 40 ஆண்டுகளில் கற்றதை இந்தியா முதலிலிருந்து கற்க வேண்டியதில்லை. செய்யக்கூடியவை இவை:

* இரவு டூட்டி முடிந்தவர் காலைக் கைமாற்றத்துக்குப் பிறகு கட்டாயம் வீட்டுக்குப் போக வேண்டும். 36 உருவாகும் இடத்தை உடைக்க இந்த ஒரு விதி போதும்.
* அதற்கு ஈடாக டூட்டி டாக்டர்களையும், ரத்தம் எடுக்கவும் எழுத்து வேலைக்கும் ஊழியர்களையும் நியமிக்க வேண்டும். ஆள் இல்லாமல் மணியை மட்டும் வெட்டினால் ‘ரோஸ்டர்ஸ்’ கதைதான்.
* ராத்திரியில் மூத்த டாக்டர் மருத்துவமனைக்குள் இருக்க வேண்டும். ஒழுங்கான கைமாற்றத்தை முதல் மாதத்திலேயே கற்றுக்கொடுக்க வேண்டும்.
* பார்த்த கேஸ்களை லாக் புக்கில் பதிவது பி.ஜி.க்களுக்கு ஏற்கெனவே கட்டாயம். வேலை நேரத்தையும் அதே போலப் பதிந்து, துறைக்கு வெளியே உள்ள ஒருவர் பார்க்க வேண்டும்.

இதற்குப் பணம் ஆகும். அந்தச் செலவு இன்றும் இருக்கிறது. அதை இளம் டாக்டர்களும், அவர்களின் தூக்கக் கலக்கத்துக்கு நடுவே சிகிச்சை பெறும் நோயாளிகளும் தங்கள் உடம்பால் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் அரசு மருத்துவமனையை விட்டால் வேறு வழியில்லாதவர்கள்.

1992 உத்தரவில் 48. 2023 விதியில் எண்ணே இல்லை. 2024 பரிந்துரையில் 74. எந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தாலும், உங்கள் ஊர் மருத்துவக் கல்லூரியில் போன வாரம் ஒரு பி.ஜி. எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்று டீனிடம் கேட்டால் சொல்லும்படி ஒரு பதிவேடு இருக்க வேண்டும். அது இல்லாதவரை மூன்றும் வெறும் எண்கள்தான்.